விளாச்சேரி: பிளாட் போட்ட பிறகும் கிராமமா?

வாசகர் ஒருவரின் கேள்வி, 6 ஜூலை 2024

மதுரையைச் சுற்றி இனிமேல் கிராமம் என்று ஒன்று இருக்கிறதா? பசுமலையைத் தாண்டினால் வழியெல்லாம் வீட்டுமனை விளம்பரம். விளாச்சேரி என்றால் நவராத்திரிக்கு முன்னால் ஒருநாள் போய் பொம்மை வாங்குகிற இடம், அவ்வளவுதான். அதைப் போய்க் கிராமம், சமூக வாழ்க்கை என்றெல்லாம் எழுதுவது பழக்க தோஷம்.

6 ஜூலை 2024, இரவு

அவ்வளவுதான் இல்லை. நான் இந்த ஊர்ப் பெண் இல்லை, வாக்கப்பட்டு வந்தவள். நீங்கள் சொல்லும் அந்த பிளாட்டுகளில் ஒன்றில்தான் எங்கள் வீடும் இருக்கிறது. அதனால் இரண்டு பக்கமும் தெரியும்.

நாளைக் காலையில் வேளார் தெருவுக்குள், அதாவது மண்பாண்டம் செய்கிறவர்கள் தெருவுக்குள் வந்து பாருங்கள். வாசலில் கோலம் போட்ட இடம் போக மிச்சமெல்லாம் பொம்மை. திண்ணையில் தலையில்லாத கிருஷ்ணர்கள், சைக்கிள் கேரியரில் அச்சுகள், மாடிப்படிக்கு ஒன்றாகப் பிள்ளையார். பக்கத்து வீட்டு வாசலில் வெயில் இல்லையென்றால் எதிர் வீட்டு வாசலில் காயவைப்பார்கள், கேட்கக்கூட மாட்டார்கள். மழை தூறினால் யார் வீட்டுப் பொம்மை என்று பார்க்காமல் தெருவே ஓடிவந்து தூக்கி உள்ளே வைக்கும். ஒரு வீட்டின் பிழைப்பு இன்னொரு வீட்டின் வாசலில் காய்கிற இடத்தைக் கிராமம் என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது?

7 ஜூலை 2024

இடம் தெரியாதவர்களுக்காக: மதுரைக்குத் தென்மேற்கே, திருப்பரங்குன்றம் ஒன்றியத்தில் இருக்கிற ஊராட்சி. ஒரு பக்கம் பசுமலை, இன்னொரு பக்கம் சமணர் மலை இருக்கிற கீழக்குயில்குடி. 2011இல் திருப்பரங்குன்றம், திருநகர், ஆர்வி பட்டியெல்லாம் மாநகராட்சிக்குள் போனபோது மதுரைக்கு 100 வார்டு ஆனது. விளாச்சேரி அப்போது ஊராட்சியாகவே நின்றது. நகரம் வாசல்வரை வந்துவிட்டது, அதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் நகரம் வந்ததாலேயே ஊர் போய்விட்டது என்று கணக்கு முடிப்பதைத்தான் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

14 ஜூலை 2024

எல்லாரும் பொம்மையைப் பற்றியே கேட்கிறீர்கள். முதலில் மண்ணைக் கேளுங்கள்.

கண்மாயில் களிமண் எடுக்க அனுமதி வாங்குவதுதான் இந்த ஊருக்குப் பல வருஷத் தலைவலி. பக்கத்தில் கண்மாய் இருக்கும், அதில் மண்ணும் இருக்கும். ஆனால் ஒரு டிராக்டர் மண் அள்ள மனு எழுதி மாவட்ட அளவுவரை அலைய வேண்டும். அனுமதி வருவதற்குள் மழை பெய்து கண்மாய் நிறைந்துவிடும். இந்த வருஷம் அரசு அதை மாற்றியிருக்கிறது. விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளர்களும் கட்டணமில்லாமல் வண்டல், களிமண் எடுக்கத் தாசில்தாரே அனுமதி கொடுக்கலாம். எங்கள் தெருவில் இதைத் தீபாவளி போனஸ் வந்ததுபோலப் பேசிக்கொண்டார்கள்.

மண் வந்தால் மட்டும் போதாது. எந்த மண் பொம்மைக்கு ஆகும், எது பானைக்கு ஆகும் என்பதை எதிர்வீட்டுப் பெரியவர் விரலிடுக்கில் வைத்துத் தேய்த்தே சொல்லிவிடுவார். காயவைத்து, உடைத்து, கல் பொறுக்கி, ஊறப்போட்டு, சலித்து, மணல் கலந்து மிதிக்கிறார்கள். மிதிப்பது இப்போதும் காலால்தான். குதிகாலில் சின்னக் கல் தட்டினால் நின்று எடுத்துப் போட்டுவிட்டுத்தான் அடுத்த மிதி. அந்தக் கல் உள்ளே இருந்தால் சூளையில் அந்த இடம் தெறித்துவிடும்.

14 ஜூலை 2024, சற்று நேரம் கழித்து

"மண் இலவசம் என்றால் பொம்மை விலை குறையுமா?" என்று ஒருவர். குறையாது. குறையக் கூடாது என்பதும் என் ஆசை. மண் அள்ளக் கூலி, டிராக்டர் வாடகை, விறகு, பெயிண்ட் எல்லாம் ஏறித்தான் இருக்கிறது. பேரம் பேச நினைத்து வருகிறவர்கள் ஒரு மணி நேரம் அந்த வெயிலில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் பேசட்டும்.

28 ஜூலை 2024

நேற்று சூளை பிரித்தார்கள். நானும் போய் நின்றேன்.

முதல்நாள் அடுக்கி, விறகு வைத்து, மேலே வைக்கோல் போட்டு மண் பூசி மூடியிருந்தார்கள். ராத்திரியெல்லாம் ஆள் மாற்றி ஆள் காவல். காலையில் சூடு தணிந்ததும் மேல்பூச்சைக் கம்பியால் பைய நெம்பி எடுத்தார்கள். சாம்பலுக்குள்ளிருந்து முதலில் ஒரு யானைத் தலை வந்தது, பிறகு வரிசையாக அகல் விளக்குகள். சூளை போட்ட வீட்டு அண்ணன் ஒவ்வொன்றையும் எடுத்து விரல் கணுவால் ஒரு தட்டுத் தட்டினார். கணீரென்று கேட்டால் வலது பக்கம், சொத்தென்று கேட்டால் இடது பக்கம். முகம் பார்த்துப் பிரிக்கவே இல்லை, காதால்தான் பிரித்தார். இடது பக்கம் போனவை குறைவேக்காடு. கீறல் விழுந்தவை தனியாக ஒரு சாக்கில். அந்தச் சாக்கில் வீட்டுப் பெண்கள் கண்ணை வைப்பதே இல்லை.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. புது வீடுகளில் குடியேறியவர்களில் சிலர் புகை வருகிறது என்று புகார் சொல்கிறார்கள். கைக்குழந்தை இருக்கிற வீட்டில் புகை கஷ்டம்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் சூளை முந்தி வந்தது, பிளாட் பிந்தி வந்தது. மனை விற்றவர் அதைச் சொல்லி விற்றிருக்க வேண்டும். சொல்லவில்லை என்பதற்காகத் தலைமுறைகளாக எரிகிற சூளையை அணைக்கச் சொல்வது அநியாயம். எங்கள் வரிசையில் நாங்கள் பேசி ஒரு வழி வைத்திருக்கிறோம். சூளை போடும் நாளை முந்தினநாளே வந்து சொல்லிவிடுவார்கள், நாங்கள் துணி காயப்போட மாட்டோம். சண்டை இல்லாமல் நடக்கிறது.

2 செப்டம்பர் 2024

இந்த வாரம் பிள்ளையார் வாரம், சதுர்த்தி 7ஆம் தேதி. தெருவில் நடக்க இடமில்லை.

பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் சிலையை விற்கலாமா கூடாதா என்று இங்கே ஏற்கெனவே சூடாகப் பேசியிருக்கிறீர்கள். நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நீரில் கரைக்கும் சிலைகளைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் செய்யக் கூடாது என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020இல் திருத்திய நெறிமுறையில் சொல்லிவிட்டது. 2023 செப்டம்பரில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளையில் தனி நீதிபதி, விற்கலாம் ஆனால் கரைக்கக் கூடாது என்றார். உடனே இரண்டு நீதிபதிகள் அமர்வு அதற்குத் தடை போட்டது. உச்சநீதிமன்றமும் தலையிடவில்லை. மண் பிசைகிறவர்களுக்கு அது பெரிய ஆறுதல்.

பிளாஸ்டர் சிலை அரை மணியில் இறுகிவிடும், மண் சிலை காயவே நாளாகும். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒரே விலை கேட்டால் மண் தோற்றுப்போகும். சட்டம் கொஞ்சம் மண் பக்கம் சாய்ந்து நின்றதால்தான் இந்தத் தெருவில் இத்தனை பிள்ளையார் உட்கார்ந்திருக்கிறார்.

3 செப்டம்பர் 2024

"அப்படியென்றால் கொலு பொம்மையிலும் பிளாஸ்டரைத் தடை செய்யச் சொல்கிறீர்களா?" என்று கேட்டிருக்கிறார்கள்.

ராத்திரி யோசித்துப் பார்த்தேன். இல்லை, இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்ப வேண்டாம். கொலு பொம்மையை யாரும் ஆற்றில் கரைப்பதில்லை. பாட்டி வாங்கியது பேத்தி படியில் நிற்கும். அச்சு செய்வதற்கே இங்கே பிளாஸ்டர்தான் வேண்டும், ஈரத்தை உறிஞ்சி மண்ணைச் சீக்கிரம் விடுவிக்கும். நான் கேட்பதெல்லாம், வாங்கும்போது இது மண்ணா, காகிதக்கூழா, பிளாஸ்டரா என்று கேட்டு வாங்குங்கள். விற்கிறவர் மறைக்காமல் சொல்வார். மண் பொம்மை கனமாக இருக்கும், அடியில் செம்பழுப்பு தெரியும். காகிதக்கூழ் பொம்மை உள்ளங்கையில் பூப்போல இருக்கும்.

காகிதக்கூழை மட்டம் என்று நினைக்காதீர்கள். பழைய பேப்பரை ஊறவைத்து அரைத்து, சாக் மாவும் கிழங்கு மாவுப் பசையும் சேர்த்துப் பிசைகிறார்கள். பூச்சி அரிக்காமலிருக்கக் கொஞ்சம் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்). கப்பலிலும் விமானத்திலும் ஏறி வெளிநாடு போகிற பொம்மைகளில் இதுதான் தாக்குப்பிடிக்கும்.

19 செப்டம்பர் 2024

இந்த ஊரைப் பொம்மை ஊர் என்றே எல்லாரும் எழுதுவதில் எனக்கு ஒரு குறை. தமிழறிஞர் பரிதிமாற் கலைஞர் பிறந்த ஊர் இது.

1870 ஜூலை 6. சூரியநாராயண சாஸ்திரி என்பது இயற்பெயர். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் படித்து, அங்கேயே தமிழாசிரியரானவர். தமிழை உயர்தனிச் செம்மொழி என்று ஆதாரத்தோடு எழுதி வைத்துவிட்டு, 1903 நவம்பர் 2ஆம் தேதி காசநோயில் போய்ச் சேர்ந்தார். வயது 33. அவர் எழுதியதை மத்திய அரசு ஒப்புக்கொள்ள 2004 ஆகிவிட்டது, நூறு வருஷத்துக்கு மேல். சென்னைப் பல்கலைக்கழகத்தில் தமிழைப் பாடத்திட்டத்திலிருந்து எடுக்கப் பார்த்தபோது எதிர்த்து நின்றவர்களிலும் அவர் முன்வரிசை.

அவர் வீடு இப்போது அரசு நினைவு இல்லம். உள்ளே சிலை இருக்கிறது. நான் போகும் நேரங்களில் பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள் வந்திருப்பார்கள், இல்லையென்றால் யாருமே இருக்க மாட்டார்கள். பொம்மை வாங்கக் காரில் வருகிறவர்கள் ஒரு பத்து நிமிஷம் அங்கே எட்டிப் பார்த்துவிட்டுப் போகக் கூடாதா? அக்ரகாரமும் வேளார் தெருவும் ஒரே ஊரில் இருந்திருக்கின்றன. ஒரு பக்கம் ஏடும் எழுத்தாணியும், இன்னொரு பக்கம் மண்ணும் அச்சும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் விளாச்சேரி முழுசாகத் தெரியும்.

5 அக்டோபர் 2024

நவராத்திரி தொடங்கிவிட்டது, இங்கே கூட்டம் குறைந்துவிட்டது. ஊருக்கெல்லாம் பண்டிகை வருகிற அன்று இவர்களுக்கு ஓய்வு.

யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று கேட்டீர்கள். மண் மிதிப்பது, அச்சில் அழுத்துவது, சூளை பெரும்பாலும் ஆண்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது, வெள்ளை அடிப்பது, வண்ணம், நகை, முகம் எல்லாம் பெண்கள். விலையைத் தீர்மானிப்பது முகம். ஆனால் வியாபாரம் பேசும்போது முன்னால் நிற்பது ஆண்கள். செய்தித்தாள் படத்தில் வருவதும் அவர்கள்தான். இது மாற வேண்டும்.

எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு அக்கா கண் எழுதுவார். அவரிடம் உட்கார்ந்து பார்த்ததைச் சொல்கிறேன். பொம்மையை மடியில் சாய்த்து, இடது கைப் பெருவிரலால் தாடையைத் தாங்கிக்கொள்வார். முதலில் மேல் இமைக்கோடு, மூக்குப் பக்கத்திலிருந்து வெளியே ஒரே இழுப்பு. பிறகு கீழ்க்கோடு. பிறகு கருவிழி. கடைசியில் வெள்ளைப் பொட்டு, தூரிகை நுனியில் ஒரு முடி மட்டும் தொடுகிற அளவு. அந்த வெள்ளைப் பொட்டு எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கம் பொம்மை பார்க்கும். கல்யாண செட்டில் மாப்பிள்ளையும் பெண்ணும் வேறு வேறு திசை பார்த்துவிட்டால் செட்டே கெட்டுப்போகும். தசாவதாரத்தில் பத்துப் பேருக்கும் ஒரே பார்வை வர வேண்டும்.

"பேசாம இரு தாயி, கண்ணு ஓடுது" என்றார் என்னிடம். வாயை மூடிக்கொண்டேன்.

6 அக்டோபர் 2024

ஒருவர் எழுதியிருக்கிறார்: "அந்த அக்காவின் பிள்ளைகள் இதைச் செய்வார்களா?" மகள் நர்சிங் படிக்கிறாள், மகன் கேட்டரிங். லீவில் வந்தால் இருவரும் உட்கார்ந்து வெள்ளை அடிப்பார்கள். முழுநேரமாக வருவார்களா என்றால், அக்காவே வேண்டாம் என்கிறார். முதுகுவலி, கண் எரிச்சல், மழைக்காலத்தில் கையில் காசில்லாத மாசங்கள். இதைக் கேட்டுவிட்டு "கலை அழிகிறதே" என்று நான் புலம்பினால் அது அவருக்கு நான் செய்கிற துரோகம். வருஷம் முழுக்க வருமானம் வருகிற தொழிலாக இருந்தால் யார் விடப்போகிறார்கள்?

26 அக்டோபர் 2024

நேற்று மதுரையில் கொட்டிய மழையைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். வைகைக்கு வடக்கே செல்லூர்ப் பக்கம் வீட்டுக்குள் தண்ணீர். எங்கள் பக்கம் அந்த அளவுக்கு இல்லை. ஆனால் ஈரம் இறங்கிவிட்டது. ஈரத்தில் மண் காயாது, காயாததைச் சூளையில் வைத்தால் வெடிக்கும். ஆகவே மண் வேலை நின்றுவிட்டது.

மழைக்கால நிவாரணம் என்று மண்பாண்டத் தொழிலாளர் குடும்பத்துக்கு அரசு 5,000 ரூபாய் கொடுக்கிறது. வாங்குகிறவர்கள் நன்றியோடுதான் வாங்குகிறார்கள். ஆனால் இன்று எந்த வீட்டுக்கு அது எத்தனை நாள் வரும்? கேட்பது பணம் கூட வேண்டும் என்பது மட்டுமில்லை. மழையிலும் காயவைக்க மேல்கூரை போட்ட பொதுக்களம் ஒன்று, எல்லாரும் முறைவைத்துப் பயன்படுத்த வேண்டும் என்று தெருவில் அடிக்கடி பேச்சு வரும். எனக்கு அது நிவாரணத்தைவிடப் பெரிய உதவியாகத் தெரிகிறது. வாசல்கள் சுருங்கிக்கொண்டே வருகின்றன. அண்ணன் தம்பி பாகம் பிரித்து வீடு கட்டும்போது முதலில் போவது பொம்மை காய்கிற இடம்தான்.

24 நவம்பர் 2024

ஜூலையில் இங்கே "பொம்மை வாங்க வருஷத்துக்கு ஒருநாள்" என்று எழுதியவர் இன்று வந்திருக்க வேண்டும். தெரு முழுக்கக் குழந்தை இயேசு.

கிறிஸ்துமஸ் குடில் செட்டுக்கு நவம்பர் முழுக்க வேலை. மரியாள், சூசையப்பர், மூன்று ராஜாக்கள், இடையர்கள், ஆடு, மாடு, ஒட்டகம், சம்மனசு என்கிற தேவதூதர். போன மாசம் பார்வதிக்குக் கண் எழுதிய அதே அக்கா இப்போது மரியாளுக்கு எழுதுகிறார். மரியாளுக்கு இமை தாழ வேண்டும், குழந்தையைப் பார்க்கிற கண். "அம்மான்னா அப்பிடித்தான பாப்பா" என்றார். கேரளாவுக்கும் மூட்டை கட்டி அனுப்புகிறார்கள். கட்டுவதில் ஒரு சாமர்த்தியம் இருக்கிறது: ஒட்டகத்தின் காலுக்கிடையில் வைக்கோல், அதற்குள் ஆட்டுக்குட்டி, அதைச் சுற்றிப் பழைய சேலைத்துண்டு. என்ன கட்டினாலும் லாரி பார்சலில் போவதில் கொஞ்சம் உடைந்துதான் போய்ச்சேர்கிறது. உடைந்ததற்கு ஈடு கேட்டு ஒரு குடும்பம் நடையாய் நடந்தும் ஒன்றும் கிடைக்கவில்லை. வாங்குகிறவர்கள் சேர்ந்து வந்து நேரில் எடுத்துப்போனால் இரண்டு பக்கத்துக்கும் நல்லது. சில சர்ச் பங்குகளிலிருந்து வேன் பிடித்து வருகிறார்கள்.

14 டிசம்பர் 2024

நேற்றுக் கார்த்திகை. அகல் விற்பனை சுமார். சைக்கிள் சக்கரம்போல மெஷினில் ஓடுகிற சக்கரத்தில் செய்த அகலும், அச்சு மெஷினில் அழுத்தி வருகிற அகலும் வெளியூரிலிருந்து குவிகின்றன. மெஷின் அகல் பளபளப்பாக இருக்கும். இதில் இவர்கள் போட்டியே போட முடியாது, போடவும் வேண்டாம் என்பது என் எண்ணம். முகமுள்ள பொருளில்தான் இந்த ஊரின் பலம்.

ஒரு திருத்தம்: நேற்று ஒருவர் இங்கே "விளாச்சேரியில் எல்லாரும் வேளார்கள்தான்" என்று எழுதியிருக்கிறார். இல்லை. பல சமூகத்தாரும் இருக்கிறார்கள். பொம்மைக்கு வண்ணம் அடிக்கக் கூலிக்குப் போகிற பெண்களிலும் பல வீட்டார் உண்டு. எங்கள் பிளாட்டு வரிசையிலிருந்தே சிலர் போகிறார்கள்.

19 ஜனவரி 2025

பொங்கல் பானை வியாபாரம் முடிந்து தெரு கொஞ்சம் மூச்சு விடுகிறது. இனி குதிரை.

சுற்றுவட்டாரக் கிராமங்களில் ஐயனாருக்கு மண்குதிரை எடுக்கிற புரவி எடுப்புத் திருவிழா முடிவானால் அந்த ஊரார் வேளாரிடம் பிடிமண் கொடுப்பார்கள். அவர்கள் ஊர் மண் ஒரு பிடி, அதை இங்கே கலக்கிற மண்ணோடு சேர்த்துப் பிசைந்துதான் ஐயனார் குதிரை எழும்பும். கால்கள் நான்கும் தனித்தனியாகக் குழாய்போல முதலில், அது இறுகிய பிறகு வயிறு, பிறகு கழுத்து, கடைசியில் தலை. ஒரேயடியாக ஏற்றினால் தன் கனத்திலேயே உட்கார்ந்துவிடும். எடுக்கிற நாளில் மாலை போட்டு, வேளார் கண் திறந்துவிட்ட பிறகுதான் அந்த ஊரார் தோளில் தூக்குவார்கள். அன்று அவருக்குப் பரிவட்டம் கட்டுகிற ஊர்களும் உண்டு.

கொலுவும் குடிலும் கடைச்சரக்கு, காசு கொடுத்தால் உறவு முடிந்தது. பிடிமண் அப்படியில்லை. மழை பெய்யவில்லை, நோய் வந்தது, விளைந்தது என்று ஓர் ஊரின் நல்லது கெட்டதெல்லாம் இங்கே வந்து சேர்கிறது. நகரம் எவ்வளவு நெருங்கினாலும் அந்த ஊர்க்காரர்கள் விளாச்சேரிக்குத்தான் வருகிறார்கள். ஜூலையில் வந்த கேள்விக்கு வாசலில் காய்கிற பொம்மையைச் சொல்லித் தொடங்கினேன். இப்போது கேட்டால் பிடிமண்ணைத்தான் முதலில் சொல்வேன்.

20 ஜனவரி 2025

"எப்போது வந்தால் எதைப் பார்க்கலாம்?" என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள்.

சூளையும் மண் வேலையும் பார்க்க வேண்டுமென்றால் பங்குனியிலிருந்து ஆடிவரை, வெயில் மாசங்கள். கொலு வாங்க ஆவணியிலேயே வாருங்கள், புரட்டாசியில் வந்தால் மிச்சம்தான் கிடைக்கும். குடிலுக்கு நவம்பர் முதல் வாரம். மதுரை பெரியார் பஸ் நிலையத்திலிருந்து டவுன் பஸ் இருக்கிறது. காரில் வந்தால் தெரு முனையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள், ரோட்டோரம் காய்கிறவை ஈரமாக இருக்கும். குனிந்து தொட்டுப் பார்க்கும் முன் அந்த வீட்டாரைக் கேட்டுக்கொள்ளுங்கள். பரிதிமாற் கலைஞர் வீட்டுக்கு வழி யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.